தொண்ணூறைத் தொடாத வண்டி

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்கு நீராவி கொடுக்கிற பாய்லரை இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்துக்கொள்கிறவர் அவர். நாள் முழுக்க மீட்டர் முள்ளைப் பார்ப்பதுதான் உத்தியோகம். ஒரு நாளும் அதைச் சிவப்புக் கோட்டுக்குப் போகவிட்டதில்லை. அந்த வகையில் மனிதர் கெட்டிக்காரர்தான், சும்மா சொல்லக்கூடாது. தொல்லை என்னவென்றால், வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அவருக்குப் பார்க்க ஒரு முள் வேண்டியிருந்தது.

அதற்காகவே வாங்கினாரோ என்னவோ, ஆறு வருஷத்துக்கு முன்னால் இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி வேகம் கொடுக்கிற டர்போ வைத்த பழைய கார் ஒன்றை வாங்கினார். விற்றவன் சாவியைக் கொடுக்கும்போது போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்லி வைத்தான்.

"ஆயில் சூடாகறதுக்கு முன்னாடி மிதிச்சிடாதீங்க. வேகமா ஓட்டிட்டு வந்து டக்குனு ஆஃப் பண்ணாதீங்க. டர்போ போயிடும்."

நல்ல புத்திமதிதான். வேறு யாராக இருந்தாலும் தலையாட்டிவிட்டு, பாதியை மறந்து, நிம்மதியாக ஓட்டியிருப்பார்கள். பாய்லர்க்காரர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். மறு வாரமே ஆயில் சூட்டைக் காட்டும் மீட்டர் ஒன்றை வாங்கிப் பொருத்தினார். அடுத்த மாதம், சூடு கூடிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், ஆயிலைக் குளிரவைக்கிற கூலர் ஒன்றை முன்பக்கம் மாட்டினார். கடையில் இருந்ததிலேயே பெரியது அதுதான். பிறகு சட்டம் போட்டார்: முள் தொண்ணூறு டிகிரியைத் தொட்டால்தான் ஆக்சிலேட்டரை அழுத்துவது.

ஒரு பக்கம் குளிரவைத்துக்கொண்டே மறுபக்கம் சூடாகட்டும் என்று காத்திருந்தால் தொண்ணூறு எங்கிருந்து வரும்? முள் அறுபத்தைந்தில் படுத்துக்கொள்ளும். சைக்கிள்காரர்கள் அவரை முந்திப் போவார்கள். வேலைக்கு அவர் நடந்தே போனார். ஆஸ்பத்திரி காரில் நாலு நிமிஷம், அதற்குள் ஆயில் என்ன சூடாகிவிடும்? ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவுக்கு மட்டும் வண்டி வெளியே வரும். திரும்பி வந்து நிறுத்தியதும் மூன்று நிமிஷம் இன்ஜினை ஓடவிட்டு, கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். மடியில் காய்கறிப் பையோடு மனைவியும் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். கதவைத் திறந்தால் கவனம் சிதறுமாம்.

மனைவி கணக்கு டீச்சர். லைசென்ஸ் பரீட்சையில் முதல் தடவையே தேறியவள். அவர் மூன்றாம் தடவை. ஆனாலும் அரசாங்கம் கொடுத்த லைசென்ஸ் அந்த வீட்டில் செல்லாது. "நீ அவசரக்காரி, டர்போ தாங்காது" என்பார்.

இப்படி இருக்கையில், மலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியில் டீச்சருக்குத் தலைமையாசிரியை வேலை வந்தது. பதினெட்டு வருஷம் காத்திருந்து வந்த பதவி. திங்கட்கிழமை சேர வேண்டும், சனிக்கிழமைக்குள் சம்மதம் எழுதிக் கொடுக்க வேண்டும். பள்ளி மணி அடிப்பது எட்டரைக்கு. முதல் பஸ் அங்கே போய்ச் சேர்வது ஒன்பது பத்துக்கு. கார் கிடைத்தால் வேலை, இல்லாவிட்டால் வேலையும் இல்லை.

"வண்டி சும்மாதானே நிக்குது. நான் எடுத்துட்டுப் போறேங்க."

"தினமும் மலையேத்தம். ஆயில் என்னத்துக்கு ஆகும்?"

"நான் என்னத்துக்கு ஆவேன்னு கேளுங்களேன்."

அதை அளக்க மீட்டர் கிடையாது. அவர் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார்.

அவருடைய மீட்டரில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. அமுக்கினால், ஆயில் இதுவரை தொட்ட உச்சச் சூட்டை முள் ஏறிக் காட்டும். தன் வண்டியின் உச்சம் அவருக்கு மனப்பாடம் என்பதால் அதை அவர் தொட்டதே இல்லை. வியாழக்கிழமை சாவியைத் திருகி வைத்துவிட்டு மீட்டரைத் துடைத்தபோது விரல் பட்டுவிட்டது. முள் விறுவிறுவென்று ஏறி நூற்றுப் பன்னிரண்டில் நின்றது.

சமையலறை வாசலில் போய் நின்றார். "நூத்திப்பன்னெண்டு" என்றார்.

டீச்சர் கத்தியைக் கீழே வைத்தாள். மழுப்பவில்லை. "சனிக்கிழமை சனிக்கிழமை மலைக்கு அந்தப்பக்கம் அக்கா வீட்டுக்குப் போனேன்ல. பஸ்ல போகல."

"எத்தனை நாளா?"

"எட்டு மாசமா. நீங்க வேலைக்குப் போனதும் எடுப்பேன்."

பெட்ரோலை அவளே நிரப்பி வைத்திருக்கிறாள். கிலோமீட்டர் கணக்கு ஏறியிருக்கிறது. மனிதர் அந்த ஒரு முள்ளைத் தவிர வேறு எதையும் பார்த்தால்தானே. அவருக்குக் கோபம் வந்தது. மனைவி பொய் சொன்னதற்காகவா, ஆயில் சூடானதற்காகவா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"மெக்கானிக்கிட்ட போவோம். இன்ஜின் கெட்டிருந்தா இனிமே நீ சாவியைக் கேக்கக் கூடாது."

"கெடலைன்னா?"

"கெட்டிருக்கும்."

"கெடலைன்னா சாவி என்கிட்ட."

கையும் களவுமாகப் பிடித்த தெம்பில் சரியென்றுவிட்டார்.

மறுநாள் பட்டறையில் டீச்சரின் முகம் வெளுத்திருந்தது. அவளுக்குக் கணக்கு தெரியும், இன்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாது. அந்த முகத்தைப் பார்க்கப் பாய்லர்க்காரருக்குக் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. சொல்ல வெட்கம்தான், ஆனால் இருந்தது.

மெக்கானிக் ஆயில் மூடியைத் திருகி எடுத்துக் கவிழ்த்தான். உள்பக்கம் பழுப்பு நிறத்தில் வெண்ணெய் மாதிரி ஏதோ அப்பிக் கிடந்தது.

"பாத்தியா?" என்றார் பாய்லர்க்காரர் மனைவியிடம். "நூத்திப்பன்னெண்டு வரைக்கும் ஏத்தியிருக்கா, தம்பி. என்ன ஆயிருக்கு பாரு."

"நூத்திப்பன்னெண்டு மலையேத்தத்துக்குச் சரியான சூடுண்ணே. இது சூட்டுல வந்ததில்ல. ஆயில் நல்லா சூடானாத்தான் உள்ள சேர்ற தண்ணி ஆவியாப் போகும். இங்க போக வழியே இல்ல. இவ்வளவு பெரிய கூலரை எவன் மாட்டினான்?"

இருபத்திரண்டு வருஷம் தண்ணீரை ஆவியாக்கியே சம்பளம் வாங்கியவர் குனிந்து கூலரைப் பார்த்தார்.

மெக்கானிக் விடுவதாக இல்லை. "வாரத்துக்கு ஒரு தடவை யாரோ நல்லா ஓட்டியிருக்காங்க. அதனாலதான் இன்ஜின் தப்பிச்சுது. கூலரைக் கழட்டி ஆயிலை மாத்தறேன். அப்புறம் அவங்க கையிலயே விட்டுடுங்கண்ணே. நீங்க ஓட்டாதீங்க."

டீச்சர் கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தார். இத்தனை அக்கறையோடு ஒரு பொருளைக் கெடுக்க முடியும் என்பது அவருக்கு உண்மையிலேயே வலித்தது.

சனிக்கிழமை அவர் லீவு போட்டார். சம்மதக் கடிதத்தைக் கொடுக்க இருவரும் கிளம்பினார்கள். அவள் ஓட்ட, அவர் பக்கத்தில். முள் தொண்ணூறுக்கு வரும்வரை அவள் மெதுவாகத்தான் ஓட்டினாள். அதற்கு ஏழெட்டு நிமிஷம்கூட ஆகவில்லை. மலையடிவாரம் வந்தது. டீச்சர் காலை அழுத்தினாள். வண்டி அவர் முதுகை இருக்கையோடு அமுக்கிக்கொண்டு ஏறியது.

அவர் டக்கென்று நிமிர்ந்தார்.

"நிறுத்து, நிறுத்து. முன்னாடி ஏதோ விசில் அடிக்கற மாதிரி சத்தம் வருது. இத்தனை வருஷத்துல நான் கேட்டதே இல்ல."

"அதாங்க டர்போ" என்றாள் டீச்சர்.