நுவரெலியாவில் பார் என்று பேர் வைத்த சிப்பிக் கடை

பொம்மி, உன் பக்கத்தில் உன்னைக் கேட்காமல் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

படிக்கிறவர்களுக்கு விவரம் சொல்லிவிடுகிறேன். போனில் இந்தப் பக்கத்தை எழுதி வந்தவள் என் மகள். மலையகத்தில் குறைந்த செலவில் எங்கே போகலாம், எந்த பஸ், எத்தனை ரூபாய் என்று போட்டு வந்தாள். போன மாசியில் காய்ச்சலில் போய்விட்டாள். இருபத்திமூன்று வயது. அவள் போன் இப்போது என்னிடம் இருக்கிறது. நுவரெலியா சிப்பிக் கடையைப் பற்றி எழுதுங்கள் என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். அவள் வேலை செய்த கடை அது. அவள் எழுதாமல் விட்டதற்குக் காரணம் நான். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தீபாவளிக்கு வந்தபோது கடையில் கொடுத்த சட்டையைப் போட்டு வந்தாள். முதுகில் இங்கிலீஷ் எழுத்து. எனக்கு அது தெரியாது. என் அண்ணன் சம்சாரம் ராசாத்தி மதினி எட்டு வரை படித்தவர், எழுத்துக் கூட்டினார். முதல் வார்த்தை அவர் வாயில் வரவில்லை. இரண்டாவதை மட்டும் "பி, ஏ, ஆர். பார்" என்று லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கேட்கப் படித்தார். எங்கள் தோட்டத்தில் பார் என்றால் ஒன்றுதான். சம்பளம் போட்ட அன்றைக்கு ஆம்பளைகள் போய் விழுகிற இடம். பொம்மியின் இடது கையில் கீறல் கீறலாக இருந்தது. பாட்டில் உடைந்து வெட்டியது என்று நானே முடிவு கட்டினேன். பாரில் ஊற்றிக் கொடுக்கிறவள் இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்றேன்.

"அம்மா, அது அந்த பார் இல்ல" என்றாள். நான் காது கொடுக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். பிறகு நான் அவளைப் பார்த்தது ஆஸ்பத்திரியில். அப்போது அவளுக்குப் பேச்சு இல்லை.

அவள் சொன்னது நிஜமா பொய்யா என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. பொய் என்றால் அதுவும் தாங்க முடியாது. நிஜம் என்றால் நான் செய்தது என்ன? இரண்டுக்கும் பயந்துகொண்டே நாலு மாதம் போகாமல் இருந்தேன்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். பௌர்ணமி போயாவுக்கும் எங்களுக்கு லீவுதான். ஆனால் போயா அன்றைக்கு நாடு முழுக்கச் சாராயக் கடை மூடியிருக்கும். அன்றைக்குப் போனால் எந்தக் கடையும் நல்ல கடைதான். எனக்கு உண்மை தெரிய வேண்டும். அதனால் சாதாரண ஞாயிறு, அதுவும் பார் திறக்கிற பதினொரு மணிக்குப் பிறகு உள்ளே போவது என்று முடிவு பண்ணினேன். மதினி தானும் வருவேன் என்று நின்றார். சட்டையைப் படித்த நாளில் இருந்து அவருக்கும் மனசு சரியில்லை.

காலை 6.15க்கு லயத்தில் இருந்து இறங்கினோம். றொசல்ல மெயின் ரோட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் நடை. 6.50க்கு பஸ், ஹட்டனுக்கு இருபத்தைந்து நிமிஷம், ஆளுக்கு 50 ரூபாய். ஹட்டனில் 7.40க்கு நுவரெலியா பஸ் எடுத்தது. ஆளுக்கு 220. நாற்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேலே என்று கண்டக்டர் சொன்னார். தலவாக்கலை தாண்டி வளைவுகள் அதிகம். வாந்தி வருகிறவர்கள் முன் சீட்டில் உட்காருங்கள். மதினி புளி மிட்டாய் கொடுத்தார், எனக்கு வாயில் போடத் தோன்றவில்லை. ஜன்னல் பக்கம் மலை தெரிகிறதா என்றுகூட நான் பார்க்கவில்லை. நானுஓயாவில் பஸ் நின்றபோது இறங்கித் திரும்பிவிடலாமா என்று கேட்டேன்.

"இவ்வளவு தூரம் வந்துட்டு? எனக்குப் பசிக்குது சரசு. உனக்காக இல்லாட்டியும் எனக்காக வா" என்றார் மதினி.

10.05க்கு நுவரெலியா. நல்ல குளிர், சுவெட்டர் கட்டாயம். மார்க்கெட்டில் பதினொன்றரை வரை சும்மா சுற்றினோம். காய்கறியில் லீக்ஸ் எங்கள் ஊரைவிட மலிவு. கடை பஸ் ஸ்டாண்டில் இருந்து பத்து நிமிஷ நடை. கடைப் பேரை நான் இங்கே போடவில்லை, டவுனில் சிப்பி என்று கேட்டாலே கை காட்டுவார்கள். எங்களுக்கு முன்னால் கொழும்பு வேன் இரண்டு நின்றது. ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.

போர்டு மூன்று பாஷையில் இருந்தது. தமிழில் 'சிப்பிக் கடை' என்று மட்டும்.

"இங்கிலீசுல பி, ஏ, ஆர் இருக்கு. தமிழ்ல இல்ல. ஆளுக்குத் தகுந்த மாதிரி எழுதிட்டானுங்களோ" என்றார் மதினி. அந்தப் பேச்சு என் பயத்தை இன்னும் கூட்டியது.

இருபது நிமிஷம் நின்று உள்ளே போனோம். மேசை காலி இல்லை. ஒரு நீளப் பலகைக்கு முன்னால் உயரமான ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். மதினி ஏறி உட்கார மூன்று தடவை முயற்சி பண்ணினார். நான் முதலில் பார்த்தது அலமாரியைத்தான். பாட்டில் இருந்தது. கிட்டப் பார்த்தால் சோடா, ஜின்ஜர் பியர், சாஸ். மற்றது உள்ளே இருக்குமோ? ஒவ்வொரு மேசையாகக் கண்ணை ஓட்டினேன். கிளாஸில் தண்ணீரும் எலுமிச்சை ஜூசும்தான் தெரிந்தது.

பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் சிப்பி திறந்துகொண்டிருந்தாள். ஐஸ் பெட்டியில் இருந்து எடுத்து, துணியில் பிடித்து, குட்டையான மொட்டைக் கத்தியை மூட்டில் விட்டு ஒரு திருகு. ஓடு கல் மாதிரி, விளிம்பு பிளேடு மாதிரி. அவள் இடது கையில் கீறல் கீறலாக இருந்தது. அதே இடத்தில். நான் மதினியைப் பார்த்தேன். மதினி கீழே குனிந்துகொண்டார்.

பச்சையாகச் சாப்பிடுகிறவர்கள் எலுமிச்சை பிழிந்து உறிஞ்சுகிறார்கள். எங்களால் முடியாது. பூண்டு, பட்டர் போட்டுச் சுட்டது ஆறு, 2,400 ரூபாய். இறால் பிரைட் ரைஸ் ஒன்று 1,600, இரண்டு பேருக்குத் தாராளம்.

"சிப்பி ஓட்டையும் சேர்த்து எடை போட்டுட்டானோ" என்று விலையைப் பார்த்து மதினி கேட்டார். ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இன்னும் இரண்டு சாப்பிட்டார். உப்பும் பட்டரும், நடுவில் கடல் வாசம். கருவாட்டு வாசம் இல்லை, வேற. நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் ஒன்றுக்கு மேல் போகவில்லை.

முதலாளி மேசை மேசையாக வந்து விசாரித்தார். தொப்பி போட்ட முஸ்லிம் ஆள், ஐம்பது வயது இருக்கும். கடைப் பிள்ளைகள் அவரை நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிட்டார்கள். எங்களிடம் வந்தபோது கேட்டுவிட்டேன். இங்க பியர், சாராயம் ஏதும் இருக்குங்களா?

அவர் சுற்றும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "இங்க அது இல்லையே தங்கச்சி. நாங்க வைக்கிறதில்ல. வேணும்ண்டா பஸ் ஸ்டாண்டுக்குக் கீழ ஒண்டு ஈக்கிது. ரெண்டு பேரும் தனியாப் போக வேணாம்."

எங்களைக் குடிக்க வந்தவர்கள் என்று நினைத்துவிட்டார். மதினிக்கு முகம் சிவந்துவிட்டது. அப்புறம் ஏன் நானா பார்னு எழுதியிருக்கீங்க என்று சண்டை மாதிரிக் கேட்டார்.

அவர் நாங்கள் கை வைத்திருந்த பலகையைத் தட்டினார். "இதுக்குத்தான் பார்ண்டு சொல்ற. முன்னால உக்காந்து திங்கிற பலகை. தமிழ்லயும் அப்பிடித்தான் எழுதியிருந்திச்சு. இங்க வேலை செஞ்ச ஒரு புள்ள, தை மாசம், அத மாத்துங்க நானாண்டு ஒரே பிடியா நிண்டு மாத்த வச்சிச்சு. வீட்டுல பிரச்சினையாம்."

அது யாருடைய வீடு என்று மதினிதான் சொன்னார்.

அவர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சாவுக்குக் கடைப் பிள்ளைகள் வந்தார்களாம், தான் அன்றைக்குப் புத்தளத்தில் இருந்ததாகச் சொன்னார். யார் வந்தார்கள் என்றே எனக்கு ஞாபகம் இல்லை. பிறகு, கேட்காமலே, காய்ச்சலைப் பற்றிச் சொன்னார்.

"மூணு நாளா காய்ச்சலோடதான் வந்திச்சு. வீட்டுக்குப் போ புள்ள, உம்மா பாத்துக்குவாண்டு சொன்னேன். ஞாயித்துக்கிழமை போறேன் நானாண்டு சொல்லிச்சு. சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம்."

காசு வேண்டாம் என்றார். சர்வீசோடு 4,400 ரூபாய், பலகையில் வைத்துவிட்டு வந்தோம். அந்தப் பெண் மீதி இருந்த இரண்டு சிப்பியை டப்பாவில் போட்டுத் தந்தாள். 2.30 பஸ். லயத்துக்குச் சேர்ந்தபோது ஆறு மணிக்கு மேலே.

போக நினைக்கிறவர்களுக்கு: பன்னிரண்டுக்கு முன்னால் போங்கள், பிறகு ஒரு மணி நேரம் நிற்க வேண்டி வரும். முதல் தடவை என்றால் சுட்டதே கேளுங்கள். வயிறு சரியில்லாதவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் பச்சையாகச் சாப்பிட வேண்டாம் என்று அந்தப் பெண்ணே சொன்னாள். பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தைரியமாகப் போகலாம். இதை நான் எழுதிக் கொடுக்கிறேன். உங்கள் பிள்ளை வெளியூரில் வேலை செய்தால், நாலு பேர் சொல்வதைக் கேட்பதற்கு முன்னால் ஒரு தரம் பஸ் ஏறிப் போய்ப் பாருங்கள். எங்கள் தோட்டத்தில் இருந்து அது நாலு மணி நேரம்தான். லீவு இல்லாவிட்டால் ஒரு நாள் பெயரை, அதாவது ஒரு நாள் சம்பளத்தை, விட்டால் போதும்.

இப்போது லயத்தில் எல்லோருக்கும் மதினி பலகைக் கதையைச் சொல்லிவிட்டார். யாரும் தப்பாகப் பேசுவதில்லை. எனக்குத்தான் அந்த மனுஷன் சொன்ன கிழமை மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. பொம்மி, அந்த ஞாயிற்றுக்கிழமை நீ நிஜமாகவே வீட்டுக்கு வருவதாகத்தான் இருந்தாயா, இல்லை அவர் வாயை அடைக்கச் சும்மா சொன்னாயா?