முதல் மணியிலேயே எடுத்துவிடும் பெட்டி

வீட்டுக்கு வரும் புதுப் பெட்டிகளைச் சரிசெய்வது ஒரு தொழில். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, ஓடவில்லை என்றால் திட்டு மட்டும் தவறாமல் வரும். "நீதானே கடைசியாகத் தொட்டாய்" என்ற பேச்சை ஒருமுறையாவது வாங்கியவர்கள் எல்லாரும் என் சக ஊழியர்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசி. கோலா சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் என் வீட்டுக்காரர் பெரிய கிராணி, அதாவது தலைமைக் கணக்குப்பிள்ளை. அன்றன்று வெட்டிய குலைகளின் எடையைத் தலைமை ஆபீசுக்கு அனுப்ப ஒரு கம்ப்யூட்டரும், சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு மோடமும் வந்து இறங்கின. தோட்டத்து ஆபீஸ் லைன் எப்போதும் பேச்சில் இருக்கும். தோட்ட மேனேஜர் துரையின் பங்களா லைன் அவர் மனைவி துரைசானி அம்மாளுடையது. மிஞ்சியது எங்கள் வீட்டு லைன். மாலை ஆறு மணிக்குக் கோலாலம்பூர் கம்ப்யூட்டர் எங்கள் நம்பருக்கு அடிக்கும், மோடம் எடுக்கும், இரண்டும் கீச்சுக்கீச்சென்று கத்திக்கொள்ளும், கணக்குப் போய்விடும். மனிதர் கையே பட வேண்டாம் என்றார்கள். அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்குச் சந்தேகம் வந்தது.

தீபாவளி வரைக்கும் பரீட்சை. அதற்குள் ஒழுங்காக ஓடவில்லை என்றால் பெட்டியும் போகும், அதோடு டெலிபோன் லைனையும் பிடுங்கி எண்ணெய் ஆலைக்குக் கொண்டுபோய்விடுவோம் என்று துரை சொல்லிவிட்டார். பல வருஷம் காத்திருந்து வாங்கிய லைன். பினாங்கு ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சியில் இருந்த என் மகள் விமலா அந்த வயரின் இன்னொரு முனையில்தான் இருந்தாள். ஆகவே மோடத்தோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை நானே எடுத்து வைத்துக்கொண்டேன். கான்வென்டில் சிஸ்டர்கள் எனக்கு இரண்டு விஷயம் நன்றாகக் கற்றுக்கொடுத்தார்கள்: ஆங்கிலம் படிப்பது, அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடிப்பது. இரண்டும் தேவைப்பட்டன.

சமையலறையில் ஒரு காது

முதல் வாரம் முழுக்க மோடம் கத்தத் தொடங்கும், பாதியில் நின்றுவிடும். என் வீட்டுக்காரர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார், தூக்கிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார். ஆண்களுக்கு மெஷின் என்றால் இந்த மூன்றுதான் தெரியும். நான் புத்தகத்தைப் படித்தேன். "இதே லைனில் வேறு போனை யாரும் எடுக்கக் கூடாது" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

எங்களுக்கு ஹாலில் ஒரு போன், சமையலறையில் ஒரு போன். சமையலறைப் போன் பெயருக்குத்தான் எங்களுடையது. பக்கத்து வீட்டுப் பொன்னம்மாள் பின்வாசல் வழியாக வந்து கலும்பாங்கிலிருக்கும் தங்கையோடு பேசுவாள். அவள் வீட்டு வேலை முடிந்து வரும் நேரம் ஆறு. அன்றைக்கு நான் போய்ப் பார்த்தபோது ரிசீவரை மார்போடு அணைத்துக்கொண்டு கலங்கிப்போய் நின்றாள்.

"அக்கா, யாரோ புள்ளய போட்டு அடிக்கிறாங்க போல. விடுங்கய்யா, விடுங்கய்யான்னு நானும் சொல்றேன், நிறுத்த மாட்றானுங்க."

சேலை காய்ந்த லைன்

அந்தப் போனைத் துணி போட்டு மூடினேன். இரண்டு நாள் ஓடியது. பிறகு லைனில் கரகரவென்று இரைச்சல். வெயில் நேரத்தில் நன்றாக இருக்கும், சாயங்காலம் வந்தால் பொரிக்கும். குரங்கு தொங்குகிறது என்றார் என் வீட்டுக்காரர். எங்கள் பக்கத்தில் எது கெட்டாலும் குரங்கின் மேல் போட்டுவிடலாம், அது திருப்பிப் பேசாது.

லைன்மேன் பாக் டின் சைக்கிளில் வந்தார். கம்பத்தில் ஏறினார், இறங்கினார், வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனார். மோடத்துக்காகப் புதிதாக இழுத்த வயர் பின் வராந்தா ஓரமாகத் தாழ்வாகப் போயிருந்தது. அதன்மேல் பொன்னம்மாளின் இரண்டு சேலை, அவள் புருஷன் மணியின் லோரிச் சட்டை, நடுவில் என் வீட்டுக்காரரின் வேட்டி, எல்லாம் சொட்டச் சொட்டத் தொங்கின. மத்தியானம் துவைத்துப் போட்டால் சாயங்காலம் பாரத்தில் இணைப்பு தளர்ந்துவிடுகிறது. புதுக்கொடி கட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்று பொன்னம்மாள் நினைத்திருக்கிறாள். வேட்டிக்காரர் என்ன நினைத்தார் என்று நான் கேட்கவில்லை.

பாக் டின் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, மடித்து என் கையில் கொடுத்தார். பிறகு மலாயில் சொன்னார்: "அக்கா, நான் கட்டினது டெலிபோன் வயர். சேலைக்குப் பேச ஆசையிருந்தால் தனி லைன் கேளுங்க."

மோடத்துக்கு லீவு

ஆயுத பூசை வந்தது. டிராக்டருக்கு மாலை, குலை வெட்டும் அரிவாளுக்குச் சந்தனம். என் வீட்டுக்காரர் தராசுப் படிக்கல்லோடு மோடத்தையும் கழற்றிச் சாமி மேடையில் வைத்துவிட்டார். பூசையில் வைத்ததை மறுநாள் வரை எடுக்கக் கூடாது. அந்தப் பெட்டியைச் சாமி ஒருநாள் பார்த்துக்கொள்ளட்டும், எனக்கும் ஓய்வு என்று இருந்தேன்.

மறுநாள் மாட்டினால் உயிரே இல்லை. வயர் சொருகும் ஓட்டைக்குள் பார்த்தேன். சந்தனம் காய்ந்து சிமெண்டாக இருந்தது. பொட்டு வைக்க அவருக்கு அந்த இடம்தான் கிடைத்திருக்கிறது. கேட்டால், "முகம் மாதிரி தெரிந்தது" என்றார். பல்குச்சியால் சுரண்டி எடுத்தேன்.

அதற்குள் தலைமை ஆபீஸ் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் லிம் என்ற இளைஞர் போன் பண்ணிவிட்டார். நேற்று ஏன் கணக்கு வரவில்லை என்று கேட்டார். எங்கள் பண்டிகையில் ஆயுதங்களுக்கு ஒருநாள் வேலை கொடுப்பதில்லை என்று ஆங்கிலத்தில் விளக்கினேன். பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "ஆண்ட்டி, அந்த லீவு மெஷினுக்கு மட்டும்தானா, அதைப் பார்த்துக்கொள்கிறவனுக்கும் உண்டா?"

ரெண்டு மணி

எங்கள் தோட்டத்தில் டெலிபோனை எடுத்துப் பேசுகிறவர்களைவிட எடுக்காமல் பேசுகிறவர்கள் அதிகம். பொன்னம்மாளின் புருஷன் மணி எண்ணெய் லோரியைப் போர்ட் கிள்ளானுக்கு ஓட்டிப் போவான். போய்ச் சேர்ந்ததும் பொதுத் தொலைபேசியிலிருந்து எங்கள் நம்பருக்கு அடிப்பான். ரெண்டு மணி அடித்து நின்றால் சேர்ந்துவிட்டான் என்று அர்த்தம். யாரும் எடுக்கக் கூடாது. எடுத்தால் அவன் காசு விழுந்துவிடும். நான் சமையலறை ஜன்னலிலிருந்து "பொன்னம்மா, ரெண்டு" என்பேன். அவள் உலை வைப்பாள்.

மோடத்துக்கு இந்த நாகரிகம் தெரியவில்லை. லிம் அதை முதல் மணியிலேயே எடுக்கும்படி வைத்திருந்தார். மணி போன் அடித்தான், பெட்டி எடுத்தது, காசை விழுங்கியது, அவன் காதிலேயே கத்தியது. மூன்று நாள் இப்படி. மூன்று நாளும் பொன்னம்மாள் உலை வைக்காமல் வாசலில் நின்றாள். நான்காம் நாள் மணி நேரில் வந்தான். ஹாலில் உட்காரவும் இல்லை.

"காசு போனா போகுது லா அக்கா. நான் போன் பண்றப்பல்லாம் வீட்ல அப்படிக் கத்துறது யாரு, அண்ணனா?"

பரீட்சை முடிவு

அதற்குப் பிறகு ஒரு சட்டம் போட்டேன். ஆறுக்குக் கொஞ்சம் முன்னால் மோடத்தை மாட்டுவேன், கணக்குப் போனதும் கழற்றிவிடுவேன். அந்த நேரத்தில் யாரும் மணி அடிக்கக் கூடாது. தொழிலாளர் லயம் முழுக்கச் சொல்லியாயிற்று. விமலாவிடமும் சொன்னேன். அவளுக்கும் இதே ஏற்பாடுதான்: கடைசிப் பரீட்சை பாஸ் என்றால் ரெண்டு மணி அடித்து வைத்துவிட வேண்டும். இல்லையென்றால் யாராவது எடுக்கும்வரை அடிக்க விட வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை போயிருந்தது. இதுவும் போனால் பயிற்சியிலிருந்து அனுப்பிவிடுவார்கள்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் துரை எங்கள் ஹாலில் வந்து உட்கார்ந்தார். அவரும் எங்கள் தமிழ் ஆள்தான், ஆனால் கோபம் வந்தால் ஆங்கிலம். "இன்றைக்கு ஓடவில்லை என்றால் நாளைக்கு லைன் ஆலைக்கு" என்று ஆங்கிலத்திலேயே ஆரம்பித்தார். விமலாவுக்கும் அன்றைக்குத்தான் முடிவு. ஏழு மணிக்கு மேல் அடி என்றிருந்தேன். ஹாஸ்டல் போன் வரிசையில் அவள் முறை முன்னாலேயே வந்துவிட்டதாம்.

போன் அடித்தது. மோடம் முதல் மணியிலேயே எடுத்தது, கத்தியது. கோலாலம்பூர் மெஷின் என்றால் பதிலுக்குக் கத்தும். இது கத்தவில்லை. அந்தப் பக்கம் மெஷின் இல்லை, என் மகள்தான்; கத்தலைக் கேட்டு வைத்துவிட்டாள். எத்தனை மணி அடிக்க நினைத்தாள் என்பதைப் பெட்டி விழுங்கிவிட்டது.

துரை கடிகாரத்தைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் மோடத்தின் வயரைப் பிடுங்கினேன்.

"என்ன செய்கிறீர்கள்?" என்றார் துரை.

"ஒரு போனுக்குக் காத்திருக்கிறேன். அதை எடுக்கப் போவதில்லை," என்றேன்.

மறுபடி அடித்தது. ஒன்று. ரெண்டு. மூன்றாவது வரவே கூடாது என்று நான் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றேன். ஹாலில் கம்ப்யூட்டர் விசிறி மட்டும் ஓடியது. சமையலறை வாசலிலிருந்து பொன்னம்மாள் குரல் வந்தது: "ரெண்டுதான் அக்கா. ரெண்டோட நின்னுருச்சு."

மோடத்தை மாட்டினேன். அவசரத்தில் முதலில் தலைகீழாகச் சொருகினேன். கோலாலம்பூர் அடித்தது, இரண்டு பெட்டிகளும் கத்திக்கொண்டன, கணக்குப் போனது. என் வீட்டுக்காரர் மகள் பாஸானதை எல்லாம் சேர்த்து ஒரே மூச்சில் துரையிடம் விளக்கினார். துரை கதவு வரை போய்த் திரும்பினார். இந்த முறை தமிழில் பேசினார்.

"கிராணி, லைன் இங்கேயே இருக்கட்டும். ஆலையில் இருப்பவனுக்கு மணி அடித்தால் எடுக்கத்தான் தெரியும். எடுக்காமல் இருக்கத் தெரிந்தவர்கள் இந்த வீட்டில்தான் இருக்கிறார்கள்."

அந்தப் பெட்டியோடு இத்தனை மல்லுக்கட்டி நான் கண்டுபிடித்தது இதுதான்: அது ஒருநாளும் பழுதாகவில்லை, அதைச் சுற்றி நாங்கள் குடியிருந்தோம், அவ்வளவுதான்.