நெருப்புக்காரியின் பக்கங்கள்

அந்தப் புத்தகத்தை என் வீட்டுக்காரர் விரும்பி வாங்கி வரவில்லை. அப்போது அவர் மன்னார்குடி அரிசி மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். சம்பளம் வாங்கும் நாளில் பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் துப்பறியும் படக்கதை ஒன்று வாங்கி வருவார். எட்டாவது வரை படித்த நான் வாசிப்பேன், அவர் படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பார். அந்த மாதம் துப்பறியும் கதை தீர்ந்துபோயிருந்தது. கடைக்காரர் கயிற்றில் தொங்கிய வேறொரு காமிக்ஸை உருவிக் கொடுத்திருக்கிறார். அட்டையில் ஐந்து பெண்கள். துணைக்குக்கூட ஓர் ஆண் இல்லை.

"புதுசா வந்திருக்காம். அஞ்சு பொம்பளைங்க சேந்து உலகத்தைக் காப்பாத்துறாளுங்களாம். பயலுவ ஒருத்தனும் தொட மாட்டேங்கிறானுவன்னு கடைக்காரரு என் தலையில கட்டிட்டாரு" என்றார் இவர். "நீயே வச்சுக்க."

எனக்கு அட்டையைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. உடம்போடு ஒட்டிய சட்டை, முழங்கால் வரை பூட்ஸ். பழைய செய்தித்தாளைக் கிழித்து அட்டை போட்டேன். பிறகுதான் பிரித்துப் படித்தேன். அன்றைக்குச் சோறு அடிப்பிடித்தது.

அது சம்பா நடவு நேரம். கூலி கூட்டிக் கேட்டுச் சங்கம் வேலையை நிறுத்தியிருந்தது. பண்ணைக்காரர்கள் அசலூர் ஆளை லாரியில் இறக்கப்போவதாகப் பேச்சு. அதனால் பெண்கள் நாங்கள் காலையிலேயே திரௌபதி அம்மன் கோவில் வாசலில் போய் உட்கார்ந்துவிடுவோம். லாரி வந்தால் அந்த வழியாகத்தான் வர வேண்டும். எதிரே மதகுக் கட்டையில் ஒரு போலீஸ்காரரும் உட்கார்ந்திருப்பார். நாங்கள் லாரியைப் பார்க்க, அவர் எங்களைப் பார்க்க, வாய்க்காலில் மேட்டூர்த் தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டு வந்தது. அடுத்தவர் வயல் நாற்றுத்தான், ஆனாலும் பார்க்க வயிறு எரியும்.

எங்கள் நடவுக் கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது மேலவீட்டு அத்தை. யார் வர வேண்டும், வரிசையில் யார் பக்கத்தில் யார் நிற்க வேண்டும், எல்லாம் அவர் சொல்வதுதான். வேலையில்லாமல் உட்கார்ந்த கூட்டம் மூன்றாம் நாளே ஒருத்தி குடும்பத்தை ஒருத்தி இழுத்துச் சண்டை போட ஆரம்பித்ததும் அத்தை என்னைப் பார்த்தார்.

"ஏண்டி, நீதான் படிச்சவளாச்சே. ஏதாச்சும் படிச்சுக் காட்டேன். இவளுவ வாயை அடைச்சாப் போதும்."

வீட்டில் இருந்தது அந்தப் படக்கதை ஒன்றுதான். எடுத்து வந்தேன். கோவில் வாசலில் பிரிக்கப் பயமாக இருந்தது. 'அம்மா, இது பொம்மைப் புத்தகம்தான், கோவிச்சுக்காதே' என்று உள்ளே பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஆரம்பித்தேன்.

ஐந்து பேரையும் அறிமுகம் செய்வதற்குள் மதியமாகிவிட்டது. ஒருத்தி ஆற்றையே கையால் நிறுத்துவாள். ஒருத்தி பறப்பாள். ஒருத்தி பாறையைத் தூக்கி எறிவாள். ஒருத்தி கண்ணுக்குத் தெரியாமல் மறைவாள். ஐந்தாமவளுக்கு உள்ளங்கையில் நெருப்பு வரும். புத்தகத்தில் அவர்களுக்கு வாயில் நுழையாத பெயர்கள் இருந்தன. எங்கள் பெண்கள் தண்ணிக்காரி, பறக்குறவ, பலக்காரி, மறையிறவ, நெருப்புக்காரி என்று அந்த இடத்திலேயே பெயர் வைத்துவிட்டார்கள்.

"ஆமா, இவளுவ எப்ப சோறாக்குவாளுவ?" என்றாள் வடக்குவீட்டுக்காரி.

"ஆக்க மாட்டாளுவ. புருசன்மாரு ஆக்கி வச்சிருப்பானுவ."

"அதுக்குத்தான் இது கதைங்கிறது!"

"உலகத்தைக் காப்பாத்துறாளுவளே, கூலி எவ்வளவு?"

"போட்டிருக்கலையே" என்றேன்.

"பாத்தியா! சங்கத்துல சேரச் சொல்லு மொதல்ல."

போலீஸ்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

அடுத்தது, யார் எவள் என்ற சண்டை. தண்ணிக்காரியை எல்லோரும் கேட்டார்கள். காவிரியின் கடைமடையில் பிறந்தவளுக்கு வேறென்ன ஆசை இருக்கும்? கடைசியில் அத்தையே அதை எடுத்துக்கொண்டார், அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. வடக்குவீட்டுக்காரி மறையிறவளைக் கேட்டாள். "நீ ஏற்கெனவே நாத்துக்கட்டு தூக்குற நேரத்துல மறைஞ்சுதானடி போற, உனக்கு எதுக்குப் புதுசா?" என்று ஒரே சிரிப்பு. நான் பறக்குறவளானேன். புடவையோடு பறந்தால் கீழே நிற்கிறவன் என்ன பார்ப்பான் என்று அவர்கள் பேசியதை இங்கே எழுத முடியாது.

நெருப்புக்காரியை ஒருவரும் கேட்கவில்லை. பட்டணத்தில் படிக்கிற பிள்ளைகளுக்கு அவள்தான் பிடித்திருப்பாள். அட்டையில் நடுவில் நிற்பவளே அவள்தான். எங்கள் தெரு அப்படியில்லை. முன்பு ஓர் அறுவடைத் தகராறில் எங்கள் தெருவில் கூரைகள் எரிந்தன. யார் வைத்தார்கள் என்பது கடைசி வரை தெரியவில்லை. அத்தை வீட்டில் கட்டியிருந்த கன்றுக்குட்டியை அவிழ்க்க நேரமில்லை. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் அடுப்பை அணைத்துவிட்டு இரண்டு தரம் பார்க்காமல் யாரும் படுப்பதில்லை.

"அந்த நெருப்புக்காரி எனக்கு வேணாம்டி. அவ பக்கம் வந்தாத் தள்ளிட்டுப் படி" என்றார் அத்தை.

அப்போதுதான் யாரோ ஒருத்தி விளையாட்டாகச் சொன்னாள்: "ஏன், புதுப்பொண்ணுக்குக் குடுத்துருவோம். அவதான் வரும்போதே வைக்கப்போரைக் கொளுத்திக்கிட்டு வந்தவளாச்சே."

புதுப்பொண்ணு என்பது என் கொழுந்தன் பெண்டாட்டி, என் ஓர்ப்படி. ஒரத்தநாட்டுப் பக்கத்துப் பெண், ஒன்பதாவது படித்தவள். அவள் வாழ வந்த ஒரு வாரத்தில் எங்கள் வைக்கோல்போர் எரிந்துபோனது. என் கொழுந்தன் பீடியைப் போட்டிருப்பான் என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனால் ராசி பேசுகிற வாய்க்கு அது போதாது. அதிலிருந்து அத்தை அவளை நடவுக்குக் கூப்பிடவில்லை. இந்தத் தடவை வேலை தொடங்கினால் கூப்பிடுவார் என்ற நம்பிக்கையில்தான் அவள் தினமும் எங்களோடு வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

எல்லோரும் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை, அதட்டவும் இல்லை. என் ஓர்ப்படி எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் வீட்டுக்குப் போனால் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"விளையாட்டுக்குச் சொன்னாளுவ. மனசுல வச்சுக்காத" என்றேன்.

"விளையாட்டுன்னு எனக்கும் தெரியும்க்கா. ஆனா நடவு தொடங்குனா இந்த வெளையாட்டுதான் என்னைக் கரையில நிக்க வைக்கும். இந்தத் தரமும் கூப்பிடலன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயி அங்க நடுறேன். இங்க சும்மா உக்காந்து தின்ன முடியாது."

போனால் திரும்பி வருவாளா என்பது எனக்குச் சந்தேகமாக இருந்தது. எங்கள் வீட்டில் நான் வாய்விட்டுப் பேச இருந்தது அவள் ஒருத்திதான். மாடத்து விளக்கைப் பார்த்து, 'தாயே, நீ அக்கினியில பொறந்தவ, உன் வாசல்ல வச்சா இந்தப் பேச்சு?' என்று கேட்டேன். விளக்கு என்ன பதில் சொல்லும்? சுடர் ஆடியது, அவ்வளவுதான்.

மறுநாளும் படித்தேன். அத்தை சொன்னபடி நெருப்புக்காரி வரும் பக்கத்தையெல்லாம் தள்ளினேன். கதை நொண்டி நொண்டி நடந்தது. கோட்டைக் கதவு திறந்திருக்கும், யார் திறந்தது என்று கேட்டால் நான் விழிப்பேன். பூட்டை உருக்கியவள்தான் இல்லையே. இருந்தும் பெண்களுக்குக் கதை பிடித்துப்போயிற்று. பலக்காரி பாறையைத் தூக்கும்போது இவர்களும் மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். மறையிறவ வில்லன் பின்னால் போய்த் தலையில் போட்டபோது வடக்குவீட்டுக்காரி எழுந்து நின்று கைதட்டினாள். மதகுக் கட்டையில் இருந்த போலீஸ்காரர் நகர்ந்து நகர்ந்து வேப்பமர நிழலுக்கே வந்துவிட்டார்.

"சார், அங்கருந்து எங்களைப் பாக்கச் சொல்லித்தானே உத்தரவு?" என்று அத்தை கேட்டார்.

"இங்கருந்து இன்னும் நல்லாத் தெரியுதும்மா. நீங்க படிங்க."

அதற்கடுத்த நாள் வில்லன் தண்ணிக்காரியைப் பிடித்துவிட்டான். அவள் நிறுத்தியிருந்த ஆற்றையே ஐஸாக உறைய வைத்து, அதற்குள்ளே அவளையும் உறைய வைத்துவிட்டான். எங்களுக்கு ஐஸ் என்றால் குச்சி ஐஸ்தான். ஓர் ஆள் அதற்குள் நிற்பதைப் பார்த்துப் பதறிப்போனார்கள். படத்தைக் கைக்குக் கை வாங்கினார்கள். பலக்காரி இடித்தால் ஐஸோடு சேர்ந்து அவளும் உடைந்துவிடுவாள். பறக்குறவளும் மறையிறவளும் அழுதுகொண்டு நிற்கிறார்கள்.

"அப்புறம்?" என்றார் அத்தை. முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். தண்ணிக்காரி அவரல்லவா?

நான் புத்தகத்தை மூடினேன்.

"அவ்வளவுதான் அத்தை."

"இன்னும் பக்கம் இருக்கேடி?"

"இருக்கு. எல்லாத்துலயும் அவதான் இருக்கா. நீங்கதான் தள்ளச் சொன்னீங்க."

ஒரே கூச்சல். அதெப்படி நடுவில் விடுவாய், தண்ணிக்காரி செத்தாளா பிழைத்தாளா என்று என்னை அடிக்காத குறை. ஒருத்தி, "அம்மன் வந்து காப்பாத்திட்டான்னு வச்சுக்குவோம்" என்றாள். "அம்மன் வர்றதுன்னா மொத பக்கத்துலயே வந்திருப்பா, இவ்வளவு தூரம் விட்டிருக்க மாட்டா" என்று இன்னொருத்தி அடக்கினாள். போலீஸ்காரர், "நாளைக்கு என்னை வேற ஊருக்கு மாத்திட்டாங்கன்னா எனக்கு முடிவே தெரியாமப் போயிரும்மா" என்று கெஞ்சினார்.

"எனக்கு அவ பக்கம் படிக்க வராது" என்றேன். "அவளுக்கு உரியவ வீட்டுல இருக்கா. ஒம்பதாவது படிச்சவ. வேணுமின்னா கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்க."

எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். அத்தை கோவிலைப் பார்த்தார், வாய்க்காலைப் பார்த்தார், என்னை ஒரு முறை முறைத்தார். எழுந்தார். வேறு யாரையும் அனுப்பாமல் தானே எங்கள் வீட்டுக்கு நடந்தார். வாசலில் நின்று அவர் என்ன சொன்னார் என்பதைப் பிறகு என் ஓர்ப்படிதான் சொன்னாள். "ஏ பொண்ணு, அங்க ஒருத்தி வெறைச்சுப் போயி நிக்கிறா. வந்து என்னன்னு பாரு" என்றாராம். வேறொன்றும் இல்லை.

அவள் வந்தாள், உட்கார்ந்தாள், படித்தாள். நான் படித்ததெல்லாம் ரேஷன் கடையில் பெயர் வாசிப்பதுபோல என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. வில்லனுக்கு ஒரு குரல், நெருப்புக்காரிக்கு ஒரு குரல். நெருப்புக்காரி ஐஸ் முன்னால் போய் நிற்கிறாள். தண்ணிக்காரியைச் சுட்டுவிடுவேனோ என்று அவளுக்கே பயம். உள்ளங்கை இரண்டையும் ஐஸ்மேல் வைக்கிறாள்.

"சுட்டுச்சா?" என்று அத்தை குறுக்கே கேட்டார்.

"இல்லீங்க அத்தை."

"நெசமாவா? எங்க, காட்டு."

அவள் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினாள். அத்தைக்கு எழுத்துத் தெரியாது. படத்தையே வெகுநேரம் பார்த்தார். ஐஸ் உருகி ஓட, நெருப்புக்காரியின் கைகளுக்கு நடுவில் தண்ணிக்காரியின் முகம்.

"புள்ள பெத்தவளுக்கு ஒத்தடம் குடுக்கிற மாதிரியில்ல வச்சிருக்கா" என்றார். பிறகு, "ம், படி" என்றார்.

முடிந்தபோது போலீஸ்காரர்தான் முதலில் கைதட்டினார். அட்டைக்குப் போட்டிருந்த செய்தித்தாளை வடக்குவீட்டுக்காரி உருவி எடுத்துவிட்டு, நடுவில் நிற்பவளைப் பார்த்தாள். "ஏண்டி, இவளை இவ்வளவு நாளும் மூடியா வச்சிருந்த?" என்று என்னைத் திட்டினாள். பூட்ஸைப் பற்றி அவளுக்கு ஒரு கூச்சமும் இல்லை.

சங்கமும் பண்ணைக்காரர்களும் தாசில்தார் ஆபீஸில் பேசி முடித்தார்கள். கேட்டது முழுதும் கிடைக்கவில்லை, கொஞ்சம் கூடியது. மறுநாள் விடிந்ததும் நடவு. அன்று காலை அத்தை தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று ஆள் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டில் என் பெயரைச் சொன்னார். அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. என் ஓர்ப்படி புடவையைத் தூக்கிச் செருகியபடி உள்ளே நின்றிருந்தாள். அத்தை இரண்டு வீடு தாண்டிப் போனவர் திரும்பிப் பார்த்துக் கத்தினார்: "ஏ நெருப்பு! உனக்குத் தனியா வெத்தல பாக்கு வைக்கணுமா? வாடி!"

வயலில் முதல் நாற்று ஊன்றுமுன் வடகிழக்குச் சனிமூலையில் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவது வழக்கம். கைராசிக்காரி என்று அதை எப்போதும் அத்தைதான் ஏற்றுவார். அன்று தூறல், காற்று வேறு. அத்தை இடுப்பிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார், என் ஓர்ப்படியிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு அத்தையின் முகத்தைப் பார்த்தாள்.

"கொளுத்துடி. சுத்தி எங்கயும் வைக்கப்போரு இல்ல" என்றார் அத்தை.

முதல் குச்சி அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது. "எல்லாம் இப்படி வாங்கடி" என்று அத்தை அதட்ட, நாங்கள் அவளைச் சுற்றிக் குனிந்து, ஈர முந்தானையை விரித்துக் காற்றை மறைத்து நின்றோம். கற்பூரம் பிடித்தது. அந்தச் சின்ன வெளிச்சத்தைத் தொட்டு எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொண்டோம். கடைசியாக அத்தை உள்ளங்கைகளை நீட்டி, சற்று நேரம் அப்படியே காய வைத்துக்கொண்டிருந்தார்.