எழுதப்படாத மூன்றாவது அத்தியாயம்

என் கவிதை நூலின் கடைசிப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. பதுளையில் நான் பிழை திருத்தும் அச்சகத்திலேயே அந்த நூலும் அச்சானது. தாளை விரலால் தட்டிக்கொண்டு முதலாளி சொன்னார்:

"என்னா தம்பி, பக்கம் சும்மா கெடக்கு? வெளிவர இருக்கிற புத்தகம்னு ரெண்டு மூணு போடுங்களே. எல்லாரும் போடுறதுதானே."

எல்லாரும் போடுவதுதான். தேநீர் ஆறுவதற்குள் மூன்று தலைப்புகளை எழுதிக் கொடுத்தேன். தோட்டங்களின் வரலாறு ஒன்று. மலை ஏன் இறங்குகிறது என்று மண்ணின் அறிவியல் ஒன்று. விழுந்தவர்கள் எழுந்து நிற்பதைப் பற்றி ஒன்று. கீழே "விரைவில்" என்று ஒரு சொல். அதில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

என் அக்கா தேயிலைக் கொழுந்து பறிப்பவள். தெமோதரைக்கு மேலே, நாங்கள் பிறந்த அதே தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் இருக்கிறாள். நூலைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது முன்னாலிருந்து சில பக்கங்களைப் புரட்டினாள். பிறகு பின்னாலிருந்து திறந்தாள்.

"கவித எல்லாம் எங்களுக்கு எங்க வெளங்குது? இந்தக் கடைசிப் பக்கம் நல்லா இருக்கு."

லயத்தில் எல்லோரும் அந்தப் பக்கத்தைத்தான் படித்தார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் வரலாற்று நூலில் தன் தாத்தா வருவாரா என்று கேட்டார். எழுந்து நிற்பதைப் பற்றிய நூலுக்கு அக்கா சிரித்தாள். "விழுந்தா எழும்பித்தானடா ஆகணும், மறுநாள் வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போகணுமே. அதுக்கு ஒரு புத்தகமா?" ஆனால் மலையைப் பற்றிய நூலுக்கு யாரும் சிரிக்கவில்லை. மீரியபெத்த தோட்டத்து லயங்கள் மலை சரிந்து மண்ணுக்குள் போன பிறகு, மழை வலுத்தால் அந்தப் பெயரை எங்கள் ஆட்கள் குரல் தாழ்த்தித்தான் சொல்வார்கள். எங்கள் லயத்துக்குப் பின்னாலும் ஒரு சரிவு இருக்கிறது. அதன் முதுகில் ஒரு வெடிப்பு, பாதத்தில் வருவது போல.

போன மழைக்காலத்தில் வானம் நிற்காமல் கொட்டியது. பதுளைத் தெருக்களில் பழுப்புத் தண்ணீர் ஓடியது. நான் யாரோ ஒருவருடைய திருமண அழைப்பிதழில் ஒற்றுப்பிழை தேடிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அக்காவின் அழைப்பு வந்தது.

"தம்பி, மல எறங்கலாம்னு ஆபீசருங்க வந்து எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்றாங்க. போன தடவையும் சொன்னாங்க, போனோம். ஒண்ணும் ஆகல. திரும்பி வந்து பார்த்தா கோழிங்களத்தான் காணோம். இந்தத் தடவ ஒருத்தரும் அசையல. நீ மலையப் பத்தி எழுதுறியே, ஒன் புத்தகத்துல என்னா இருக்கு? போகவா, இருக்கவா?"

அவளுக்குப் பின்னால் தகரத்தில் மழை அறையும் சத்தம். "ஸ்பீக்கர்ல போடுங்க, நாங்களும் கேக்குறோம்" என்று ஓர் ஆண்குரல்.

எனக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும்? மழை நனைத்ததும் அது வாசம் தரும், அதைப் பற்றி மூன்று கவிதை எழுதியிருக்கிறேன். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். போகச் சொல்பவர்களின் பேச்சைக் கேளுங்கள், அவர்களுக்குத் தெரியும் என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் நாக்கு முந்திக்கொண்டது.

"கெளம்புங்க. புத்தகத்துல அப்படித்தான் இருக்கு."

"எந்த எடத்துல?" அதே ஆண்குரல்.

"மூணாவது அத்தியாயத்துல."

அவர்கள் கிளம்பினார்கள். நான் அழைப்பிதழுக்குத் திரும்பினேன். மணமகளின் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது, அது என் கண்ணில் படவே இல்லை.

மலை இறங்கவில்லை. மழை சற்று விட்டதும் எல்லோரும் வீடு திரும்பினார்கள், ஈரப் பாயும் இருமலுமாக. பேருந்து ஓடத் தொடங்கிய பிறகு நான் போனேன். லயத்து வாசலில் கால் வைப்பதற்குள் பக்கத்து வீட்டு அண்ணன் கையைத் தட்டினார். தொலைபேசியில் கேட்ட குரல் அவருடையதுதான்.

"வாங்க மூணாவது அத்தியாயம்! மல அப்படியேதானே நிக்குது? ஒரு வேள நாலாவது அத்தியாயத்துலதான் எறங்குமோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"நெசமா சொல்றேன். வேற யாரும் சொல்லியிருந்தா போயிருக்க மாட்டேன். நம்ம லயத்துப் புள்ள படிச்சு எழுதுனதுங்கிறதாலதான் போனோம். அடுத்த மழைக்கும் நீங்க சொன்னா போவோம்."

மலை மேல் மறுபடி மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

அக்காவை லயத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன். வெடிப்பு அங்கே கிடந்தது, முன்பைவிட அகலமா இல்லையா என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை.

"அக்கா, அப்படி ஒரு புத்தகம் இல்ல. ஒரு வரிகூட எழுதல."

அவள் வெடிப்பை விட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப எத வாசிச்சிட்டுச் சொன்ன?"

"எதையும் இல்ல. பயத்துல சொன்னேன்."

"நான் ஒவ்வொரு வாசலா போனேன்டா. என் தம்பி எழுதியிருக்கான், எந்திரிங்கன்னு சாமி மேல சத்தியம் பண்ணேன். புள்ளத்தாச்சி ஒருத்தி, அவளக் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போனேன். வழுக்கி விழுந்திருந்தா?"

"எல்லார்கிட்டயும் சொல்லிடுறேன்க்கா. இப்பவே."

சொல்லிவிட்டால் என் நெஞ்சு இலேசாகிவிடும் என்று நினைத்தேன். அவள் என் சட்டையைப் பிடித்தாள். சின்ன வயதில் வீதியைக் கடக்கும்போது அப்படித்தான் பிடிப்பாள்.

"வாயத் தொறக்காத. தொறந்தா, அடுத்த தடவ ஒருத்தரும் கெளம்ப மாட்டாங்க. அந்த ஆபீசருங்க சொன்னதயும் நம்பல, ஒன்னயும் நம்ப மாட்டாங்க. மழ முடியிற வரைக்கும் நீ எழுதுனவன்தான்."

"அது பொய்யில்லையாக்கா?"

"பொய்தான். நீ ஆரம்பிச்சது."

முன்பக்கம் திரும்பி வந்தோம். தூறல் விழத் தொடங்கியிருந்தது. அண்ணன் தன் வாசலில் சாக்கைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு நின்றார்.

"கேக்க மறந்துட்டேனே. புத்தகம் எப்ப வருது?"

நான் வாயைத் திறந்தேன். அக்கா எனக்கு முன்னால் பேசினாள். பொய் சொல்லி அறியாதவள், கொழுந்துக் கூடை நிறுக்கும்போது காம்பு கலந்திருந்தால் தானே சொல்லிவிடுபவள்.

"அச்சுல இருக்குண்ணே" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். "வந்ததும் ஒங்களுக்குத்தான் மொதல்ல."