ஆதிகேசவன் மொழம்

புதுவாயல் கூட்டு ரோட்டில் இறங்கி விறகுத்தொட்டி எங்கே என்று யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். "ஆதிகேசவன் தொட்டியா?" என்று ஒரு கேள்வியும் கேட்பார்கள். ஆதிகேசவன் அண்ணன் போய் ஆறு வருஷம் ஆகிறது. விறகு அறுத்து விற்கிற அந்தத் தொட்டியை நடத்துவது அவர் சம்சாரம் அஞ்சம்மா அக்கா. ஊர் வாய் மட்டும் மாறவில்லை, அக்காவும் மாற்றச் சொன்னதில்லை.

நான் சரவணகுமார். இருபத்திரண்டு வருஷமாக அந்தத் தொட்டிக்கு லோடு அடிக்கிறேன். முதலில் மூன்று சக்கர மீன்பாடி வண்டி, இப்போது குட்டி யானை வேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடந்ததில் அந்த வாய்க்கும் பங்கு இருக்கிறது.

வீட்டுக்கு வீடு கேஸ் வந்த காலத்தில் எல்லோரும் அக்காவிடம், "தொட்டிய மூடிட்டு மளிகை போடு" என்றார்கள். அக்கா மூடவில்லை. இன்றைக்கு ஹைவேயில் போய்ப் பாருங்கள், பத்தடிக்கு ஒரு போர்டு, விறகு அடுப்பு பிரியாணி. கல்யாண மண்டபங்கள் வேறு. கும்மிடிப்பூண்டி கம்பெனி கேண்டீன்களில் கேஸ் கட்டுப்படியாகாமல் விறகு பாய்லருக்குத் திரும்பிவிட்டார்கள். அன்றைக்குப் புத்தி சொன்னவர்களில் ஒருவர் இப்போது பிரியாணிக் கடை வைத்து எங்களிடம்தான் விறகு வாங்குகிறார். அவருக்கு லோடு இறக்கும்போதெல்லாம், "மளிகை எப்படிண்ணே போவுது?" என்று கேட்காமல் நான் வந்ததில்லை.

இத்தனை கடைக்கும் விறகு அறுத்துப் போட்டது ஒரே மிஷின். ஆதிகேசவன் அண்ணன் கையால் செய்தது. பம்புசெட் இன்ஜின் ஒன்றை வாங்கி, ரம்பத்தையும், கட்டையைப் பிளக்கும் கூம்பையும் அதில் மாட்டியிருந்தார். காலையில் கைப்பிடி போட்டுச் சுற்றினால் மூன்றாவது சுற்றில் இருமி, நான்காவதில் புகை கக்கி, ஐந்தாவதில்தான் கிளம்பும். அதற்குள் அதன் வம்சத்தையே திட்டி முடித்திருப்பார். கிளம்பியதும், "சமத்து" என்று ஒரு தட்டு தட்டுவார். அந்தச் சத்தம் கேட்டுத்தான் எதிரில் டீக்கடைக்காரர் பாலை அடுப்பில் வைப்பார். வேலிகாத்தான், மாங்கட்டை, சவுக்கு என்று எது அறுபடுகிறதோ அந்த வாசம் அன்று முழுக்க என் சட்டையில் இருக்கும். இப்போது நினைத்தாலும் மூக்கில் ஏறுகிறது.

அந்த மிஷின் அவர் விரலையும் வாங்கியது. அக்கா மகள் மோனிகா மூன்றாவது படித்த வருஷம். கட்டையின் நீளத்தைக் கண்ணளவில் பார்த்துக் கையால் தள்ளிக்கொண்டிருந்தார். வலது கை நடுவிரலில் ஒரு கணு போய்விட்டது. நான்தான் துண்டைச் சுற்றி, மீன்பாடி வண்டியில் வைத்துப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் அவர் கவலை, "இன்ஜின நிறுத்துனியாடா?" என்பதுதான்.

அடுத்த நாளே நான் நெல்லூருக்கு ஒரு லோடு விஷயமாகப் போய், பத்து நாள் கழித்து வந்தேன். வந்து பார்த்தால் மிஷினில் ஒரு இரும்புத் துண்டு பற்றவைத்திருந்தது. ஸ்டாப்பர். கட்டையை அதில் முட்டவைத்து அறுத்தால் எல்லாம் ஒரே அளவு, கை ரம்பத்துக்குப் பக்கத்தில் போகவே வேண்டாம். "எப்படிண்ணே அளந்தே?" என்றேன். "மொழம் போட்டுதான்டா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மீதியை நான் சேர்த்தேன். அண்ணன் குள்ளம், விரலும் குறைச்சல், அதனால்தான் நம்ம தொட்டி முழம் கடை முழத்தைவிடச் சின்னது என்று லோடு இறக்கிய இடமெல்லாம் மசாலா தடவிச் சொன்னேன். அது ஊரெல்லாம் ஆதிகேசவன் மொழம் ஆகிவிட்டது. புது அடுப்பு கட்டுகிறவர்கள் எங்கள் விறகில் ஒன்றை எடுத்துப் போய், அதை வைத்து அளந்து கட்டினார்கள். பூக்காரி முத்தம்மாள்கூட அண்ணனைப் பார்த்தால், "உங்க கையக் குடுங்க, உங்க மொழத்துல அளந்தாத்தான் எனக்குக் கட்டுப்படியாவும்" என்பாள். அண்ணன் சிரிப்பார். அக்காவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கும். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

போன தை மாசம் மொய்னுதீன் பாய் தொட்டிக்கு வந்தார். பழவேற்காட்டுக்காரர், கும்மிடிப்பூண்டியில் கேண்டீன் காண்ட்ராக்ட். எங்கள் விறகில் பாதி அவருக்குத்தான் போகிறது. "அக்கா, இன்னொரு கம்பெனியும் கெடச்சிருக்கு. மூணு ஷிப்டு. இப்ப தர்றத போல ரெண்டு மடங்கு வேணும். முடியாதுன்னா சொல்லிடு, திருவள்ளூர்ல ஒரு பார்ட்டி மொத்தமா தரேன்றான்" என்றார். மிரட்டவில்லை, உள்ளதைச் சொன்னார். ஆனால் பாய் போய்விட்டால் தொட்டியை மூட வேண்டியதுதான். அது அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பழைய மிஷின் ஒரு நாளைக்கு அறுப்பதை ஒரு மணி நேரத்தில் அறுக்கிற மிஷின் கோயம்புத்தூரில் இருப்பதாக மோனிகா கண்டுபிடித்தாள். அவள் கார் பார்ட்ஸ் கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறாள். நாள் முழுக்க அளப்பதுதான் வேலை. கட்டையை பெல்ட்டில் வைத்தால் போதும், அறுத்து, பிளந்து, அந்தப் பக்கம் தள்ளிவிடும். நீளத்துக்கு ஒரு பட்டன். எனக்கே ஆசையாக இருந்தது.

புது மிஷின் வர இடம் வேண்டுமே. பழையது இரும்புக்கடைக்குப் போனது. க்ரேன் தூக்கும்போது அக்கா கிட்டே போய் அந்தக் கைப்பிடியை ஒரு தடவை தொட்டது. "எதையாவது கழட்டி வச்சிக்கிறியாக்கா?" என்றேன். "இன்னாத்துக்குடா? அவரே இல்ல" என்றது. லாரி ஹைவேயில் திரும்புகிற வரைக்கும் அக்கா வெயிலில் நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணில் தூசு என்று சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை புது மிஷினின் முதல் லோடு, பாயின் கேண்டீனுக்கு. விறகு பார்க்க அவ்வளவு அழகு, ஒன்று போல ஒன்று. நான் பெருமையாக இறக்கிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். உள்ளிருந்து பாய் கத்தினார்.

பாய்லர் கதவைச் சாத்த முடியவில்லை. விறகு இரண்டு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. புகை பூராவும் கிச்சனுக்குள். ஸ்டீம் ஏறாமல் தொள்ளாயிரம் இட்லி மாவாகவே நின்றது. ஷிப்டு முடிந்து வந்தவர்கள் தட்டோடு வரிசையில் நிற்கிறார்கள்.

"இன்னாடா இது பேஜாரு? நாஷ்டா குடுக்க முடியாம நிக்கிறேன். மொழம் வெறகு கேட்டா மொழம் வெறகு குடுக்க மாட்டீங்களா?"

மோனிகாவுக்குப் போன் போட்டேன். "அண்ணா, மொழம்னா பதினெட்டு இன்ச். கரெக்டா வச்சிருக்கேன். ஒரு மில்லிமீட்டர்கூட தப்பு கெடையாது" என்றாள். தப்பே இல்லாமல் தப்பு செய்திருந்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, ஊரெல்லாம் கதை சொன்ன நான் அவளிடம் சொல்லவில்லையே.

பாய் முடிவாகச் சொன்னார். "நாளைக்குக் காலையில பழைய அளவு வந்து சேரணும். கொறஞ்சாலும் கம்பித் தட்டுல நிக்காம சாம்பல்ல வுழுந்துடும். இல்லன்னா திருவள்ளூர்க்காரனுக்குச் சொல்லிடுவேன். அக்கா மேல மரியாதை இருக்கு, ஆனா ஜனம் சாப்புடணும்."

சாயந்திரம் மோனிகா வேலையிலிருந்து நேராகத் தொட்டிக்கு வந்தாள். பழைய விறகு ஒன்றுகூட மிச்சமில்லை, இடம் காலி செய்கிறேன் என்று எல்லாவற்றையும் நானே போன வாரம் ஏற்றித் தீர்த்திருந்தேன். கடைகளில் கேட்டால் அங்கேயும் எரிந்து தீர்ந்திருந்தது, அடுப்பும் ஆறவில்லை. இரும்புக்கடைக்குப் போன் போட்டால், "அது கம்பி ஆலைக்குப் போயி உருகியே இருக்கும்" என்கிறான்.

"அந்த பாய்லரையாவது அளந்துகினு வந்திருக்கலாம்லண்ணா" என்றாள் மோனிகா.

"எரியுற அடுப்புல கைய வுட்டு அளக்க சொல்றியா? அளந்திருந்தா எனக்கும் ஒரு மொழம் கொறஞ்சிருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "அப்பா கை இருந்தாத்தானே இப்ப அளக்க முடியும்" என்று சொல்லி அழுதாள்.

பழைய மிஷின் இருந்த இடத்தில் நான்கு போல்ட்டு மட்டும் தரையில் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்து வந்தது. மெயின் ஸ்விட்சை அணைத்தது. அணைந்ததா என்று இன்னொரு தடவை பார்த்தது. புது மிஷினின் ரம்பத்துக்கு நேராக முழங்கையை ஊன்றி, விரலை நீட்டியது.

"அள" என்றது.

"உன் கைய எதுக்கும்மா?"

"அளடி. அந்த ஸ்டாப்பர வச்ச அன்னிக்கு அவரு கை பந்து மாதிரி கட்டுல இருந்துச்சு. நீட்ட முடியல. 'அஞ்சம், உன் கைய வையி'ன்னாரு. நான் வச்சேன். சாக்பீசுல கோடு போட்டு, இடது கையாலயே பத்தவச்சாரு. அது என் மொழம்தான்."

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பத்தொன்பது வருஷமாக ஊர் முழுக்கப் பரப்பின கதை. "ஏன்க்கா ஒரு வார்த்தை சொல்லல?"

"நீதான் அவ்வளவு ஆசையா சொல்லிக்கினு திரிஞ்சியே. அவரு அத கேட்டுட்டு ராத்திரி சோறு தின்னும்போது சிரிப்பாரு. அவரு போனதுக்கு அப்புறம், போற எடத்துலெல்லாம் அவரு பேரு காதுல வுழுந்துச்சு. நல்லா இருந்துச்சுடா. அத எதுக்குக் கெடுக்கணும்?"

மோனிகா இரண்டு தடவை டேப் பிடித்துப் பார்த்தாள். பதினாறே கால் இன்ச். பட்டனை அமுக்கி வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் அம்மாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை லோடோடு அக்காவும் முன்சீட்டில் ஏறிக்கொண்டது. இத்தனை வருஷத்தில் அது கேண்டீனுக்கு வந்ததே இல்லை. வழியில், "வாய தொறந்தே, நடக்குறதே வேற" என்று மட்டும் சொன்னது.

பாய் தானே நான்கு விறகை எடுத்து பாய்லருக்குள் தள்ளினார். கதவைச் சாத்தினார். சிக்கென்று சாத்திக்கொண்டது. கொக்கியைப் போட்டுவிட்டுத் திரும்பினார்.

"இதான்க்கா. இதான் ஆதிகேசவன் மொழம். மனுசன் போயும் அளவு போவல பாரு."

நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அக்கா தன் வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டது.

"ஆமா பாய்" என்றது. "அவரு மொழம்தான்."