காற்று நிலவரத்தின் கீழே வந்த விளம்பரம்

கடலுக்குப் போவதை நிறுத்திய பிறகும், விடிந்ததும் கதிராமன் பார்ப்பது கைபேசியில் காற்று நிலவரத்தைத்தான். மீனவ ஊரான சல்லியில் பலர் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் படகைத் தள்ளுவார்கள்.

அவருக்கு ஈரலில் புற்று என்று டொக்டர் சொன்னபோது உள்ளே இருந்தது மகள் பிரியங்கினி மட்டும். நோயாளியிடம் அந்தப் பெயரைச் சொல்வது இங்கே வழக்கமில்லை. சொன்னால் மனம் விட்டுவிடுவார். ஈரலில் வீக்கம் என்றாள். அவரும் மேலே கேட்கவில்லை.

அவளுடைய கைபேசியில் டேட்டா இல்லை. அப்பா உறங்கும் நேரமாகப் பார்த்து அவருடையதிலேயே நோயைப் பற்றித் தேடினாள். தேடியதை அழித்தாள். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தாள்.

பிறகு ஒருநாள் காற்று நிலவரத்தின் கீழே சென்னை மருத்துவமனை ஒன்றின் விளம்பரம் கிடந்தது: ஈரல் புற்றுநோய்க்கு நவீன சிகிச்சை. செய்திப் பக்கத்திலும் அதுவே. அப்பா தமிழ் நன்றாக வாசிப்பார். கைபேசியோடு அன்புவழிபுரத்துக்கு, கைபேசிக் கடை வைத்திருக்கும் சிவரூபனிடம் ஓடினாள்.

அவள் அழித்தது கைபேசியில் இருந்ததை மட்டும் என்றார் சிவரூபன். அவள் போன பக்கங்களுக்குள் விளம்பரக் கம்பனிகளின் வேவு நிரல்களும் இருந்தன; அவை பார்த்ததை அப்போதே அனுப்பிவிட்டன. வேறொரு பிரவுசரைப் போட்டுக்கொடுத்தார். அப்படிப்பட்ட கம்பனிகளின் முகவரிகள் கொண்ட தடைப்பட்டியல் அதனிடம் இருக்கிறது. ஒரு பக்கம் திறக்கும்போது அந்த முகவரிகளில் ஒன்றுக்குத் தகவல் போகப் பார்த்தால், பிரவுசர் இணைப்பே கொடுக்காது; அங்கிருந்து விளம்பரமும் வராது. பட்டியலில் இன்னும் ஏறாத புதியவை தப்பலாம்.

"முந்திப் போனதைத் திருப்பி எடுக்க ஏலாது, தங்கச்சி. இனிப் போறதைத்தான் மறிக்கலாம்."

விளம்பரம் நின்றது. பிரியங்கினி மூச்சுவிட்டாள்.

அடுத்த கிழமை, தேத்தண்ணி கொடுக்கப் போனவளை அப்பா கதிரையில் இருக்கச் சொன்னார்.

"பிள்ளை, அந்தப் புற்றுநோய் ஆஸ்பத்திரி ஒவ்வொரு நாளும் என்ர போனிலை வந்தது. எனக்கும் அந்த வருத்தம்தான் எண்டு அவங்களுக்குத் தெரிஞ்சு போச்சு எண்டு விளங்கீற்றுது. நீ பயந்துபோவாய் எண்டு உனக்குச் சொல்லேல்லை."

அவள் தேத்தண்ணியை அவர் கையில் கொடுத்தாள்.

"இப்ப வாறேல்லை. எனக்கு அது இல்லை எண்டு கண்டு விட்டிட்டாங்கள் போல. என்ன?"

தடைப்பட்டியலைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஓம், அப்பா."

கதிராமன் தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தார். தன் படகை இப்போது ஓட்டும் மருமகன் நிசாந்தை அழைத்து, நாளைக்குக் காற்றுக் குறைவு, தானும் வருகிறேன், இடம் விட்டுவை என்று சொல்லத் தொடங்கினார்.