அத்தையும் மணிக்காரர் சங்கமும்

மாமா இறந்த அன்று அவருக்கான துக்கமணியை அடித்தது அத்தைதான். செய்தி கேட்டு அப்பாவும் நானும் பொன்மலையிலிருந்து கிளம்பி, ஸ்ரீரங்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, கொள்ளிடக் கரைப் பக்கமாக நடந்துகொண்டிருந்தோம். தென்னந்தோப்புகளுக்கு அப்பாலிருந்து மாதா கோயில் மணி கேட்டது. ஓர் அடி. அதன் ரீங்காரம் முழுக்க அடங்கும்வரை ஓய்வு. பிறகு அடுத்த அடி. அப்பா நடையை நிறுத்திவிட்டு, "யாரு அடிக்கிறா? அங்க வேற ஆளே கிடையாதே" என்றார். போய்ச் சேர்ந்தபோது, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அத்தை கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தும் நிறுத்தவில்லை. அடிக்கவேண்டியதை அடித்து முடித்து, கயிற்றைக் கொக்கியில் மாட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் அப்பாவின் தோளில் சாய்ந்து அழுதாள்.

அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. மாமா அந்தச் சின்னக் கோயிலின் கோயில்பிள்ளை. பூசைக்கு வேண்டியதை எடுத்து வைப்பது, விளக்கேற்றுவது, காலை, உச்சி, மாலை மூன்று வேளையும் செபமணி அடிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. கோயிலை ஒட்டிய ஓட்டு வீட்டில் இருவரும் குடியிருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. நுரையீரல் நோய் வந்து மாமா படுத்த பிறகு அத்தை ஒவ்வொரு வேலையாகத் தன் கைக்கு எடுத்துக்கொண்டாள். கடைசியில் மணியும் அவளிடம் வந்தது. மாமா போனபின், வயதான பங்குச் சாமியார் புதிதாக ஆள் தேடவில்லை. "இவ்வளவு நாள் நீதானேம்மா அடிச்சே. இனிமேயும் நீயே அடி" என்று சொல்லிவிட்டார்.

அப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைகளிலும் திருநாட்களிலும் மணியடிப்பவர். மணி தொங்கும் அச்சு தேய்ந்தாலும், நாக்கு கழன்றாலும் சுற்றுப்பட்டுக் கோயில்களிலிருந்து அவரைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிக் கோபுரம் கோபுரமாக ஏறி இறங்கியதில் எல்லா ஊர் மணிக்காரர்களும் அவருக்குப் பழக்கமானார்கள். ஐம்பதுகளின் கடைசியில் அவர்கள் சேர்ந்து மணிக்காரர் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்தபோது அப்பாவைத் தலைவராக்கினார்கள். மாதம் ஒரு ஞாயிறு, ஏதாவது ஒரு கோயிலில் கூடுவார்கள். அந்தக் கோபுரத்தில் ஏறி எண்ணெய் போட்டு, பழுது பார்த்து, கயிறு நைந்திருந்தால் மாற்றுவார்கள். ஒருவருக்கு உடம்பு முடியவில்லையென்றால் பக்கத்து ஊர்க்காரர் வந்து அடித்துக் கொடுக்கவேண்டும் என்று பேசி வைத்திருந்தார்கள். சாயங்காலம் காபியும் பட்டாணி சுண்டலும். அவ்வளவுதான் சங்கம்.

மாமா போன ஓரிரு மாதத்தில் அப்பா அத்தையையும் சங்கக் கூட்டத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். ஆண்கள் நடுவில் ஒற்றைப் பெண்ணாக வருவதற்குக் கூச்சப்பட்டதால் துணைக்கு நான். அப்போது நான் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். முதல் கூட்டத்தில் எல்லோரும் எழுந்து நின்று அத்தைக்கு வணக்கம் சொன்னார்கள். மாமாவை அவர்களுக்குத் தெரியும். அந்த மரியாதையாகத்தான் இருக்கவேண்டும். ஆனால் அடுத்தடுத்த கூட்டங்களில் அது அத்தைக்கே உரிய மரியாதையாக மாறியது. லால்குடிப் பக்கத்துக் கோயில் ஒன்றில் மேல்தளத்துக்குப் போகும் மர ஏணி ஆடுகிறது என்று ஆண்கள் கீழே நின்று யோசித்துக்கொண்டிருந்தபோது அத்தை எண்ணெய்க் கிண்ணத்தோடு ஏறிப் போய்விட்டாள். இறங்கி வந்தபோது தலையெல்லாம் புறா எச்சம். அதைப் பார்த்து ஒருவர் சிரிக்க, அத்தையும் சிரித்தாள். மாமா போனபின் அவள் சிரித்ததை நான் பார்த்தது அன்றுதான். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா என்னிடம், "உங்க அத்தை பொழைச்சுக்குவா" என்றார். அவர் குரலில் இருந்த பெருமை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நினைவு வரும்போதெல்லாம் வலிக்கவும் செய்கிறது.

அந்த வருஷம் ஆடியில் கொள்ளிடம் கரையை மீறியது. விடியற்காலைச் செபமணிக்காக எழுந்த அத்தை, தோப்புக்குள் தண்ணீர் பளபளப்பதைப் பார்த்திருக்கிறாள். சாமியாரைக் கேட்க நேரமில்லை. கயிற்றைப் பிடித்தவள் விடவே இல்லை. நிறுத்தாமல் அடித்த அந்த மணியைக் கேட்டு, தீப்பிடித்துவிட்டதோ என்று கரையோரத்து ஜனங்கள் எழுந்து வெளியே வந்தார்கள். தண்ணீரைப் பார்த்ததும் மாடுகளை அவிழ்த்துவிட்டு, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். குடிசைகள் போயின, மனிதர்கள் தப்பித்தார்கள். மறுவாரம் நானும் அத்தையும் ஸ்ரீரங்கம் கடைத்தெருவில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தோம். மடிசார் கட்டிய ஒரு மாமி வழிமறித்து, "ஏண்டியம்மா, அன்னிக்கு மணி அடிச்சது நீதானாமே? எங்காத்துத் தோப்பைக் காவல் காக்கற குடும்பம் மொத்தமும் பொழைச்சுது. பெருமாள்தான் ஒன்னை அங்க நிறுத்தி வெச்சிருக்கார்" என்றாள். அத்தையின் கையிலிருந்த கயிற்றுக் காயம் அன்று ஆறியிருக்கவில்லை. உள்ளங்கையை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

இப்படிப் பெயர் வாங்கிக் கொடுத்த மணியே பிறகு வினையாக வந்தது. ஐப்பசியில் அந்தப் பங்கில் ஒரு கல்யாணம். பெண்ணும் மாப்பிள்ளையும் கோயிலை விட்டு வெளியே வரும்போது அத்தை வழக்கம்போல மகிழ்ச்சி மணி அடித்தாள். மாப்பிள்ளை வீட்டார் டவுன்காரர்கள். யார் அடிக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தவர்களுக்கு, வெள்ளைச் சேலையும் வெறுங்கழுத்துமாக நின்ற அத்தை கண்ணில் பட்டாள். அவ்வளவுதான். தாலியறுத்தவள் கையாலா எங்கள் பிள்ளைக்குக் கல்யாண மணி என்று வாசலிலேயே சத்தம் கிளம்பியது. கிறிஸ்தவ வேதத்துக்கு வந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்ட குடும்பங்கள்தான். ஆனாலும் அந்த ஒரு விஷயத்தில் யாரும் எதையும் விட்டுவிட்டு வந்திருக்கவில்லை. அத்தை மணியை நிறுத்தாமல் அடித்து முடித்தாள். பிறகு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பேச்சு டவுன் முழுக்கப் பரவியது. சங்கத்தின் செயலாளர் டவுனில் ஒரு பெரிய கோயிலின் கோயில்பிள்ளை. கறாரான மனிதர். வருஷக் கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவருடைய கோயிலில்தான் அந்தத் தடவை கூடுவதாக இருந்தது. ஒவ்வொரு ஊர்க்காரரும் முறைவைத்து அங்கே உள்ள பெரிய மணியை அடிப்பதாகவும் ஏற்பாடு. அவர் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னார்: "நீங்க தலைவரு, அவங்க ஒங்க தங்கச்சி. எனக்குச் சங்கடமாத்தான் இருக்கு. ஆனா டவுன் கோயில்காரங்க எல்லாம் வெலகிக்கிறேன்றாங்க. சங்கத்துல ஆம்பளைங்க மட்டும்தான்னு ஒரு தீர்மானம் போட்டுட்டா பிரச்சினை முடிஞ்சிடும்." அவர் போனபின் அம்மா, "அவ புருஷனுக்கே அவதாங்க மணி அடிச்சா. அதுக்கு மேல என்னங்க இருக்கு?" என்றாள். அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனார். "நீ தைரியமா கூட்டத்துக்கு வாம்மா. நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அத்தை வந்தாள். நல்ல சேலையைத் துவைத்து மடிப்புக் கலையாமல் கட்டியிருந்தாள். கோயிலை அடுத்த ஹாலில் பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். நானும் அவளும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். வரவேற்பெல்லாம் முடிந்து செயலாளர் தீர்மானத்தை வாசித்தார். அத்தையின் பெயர் அதில் இல்லை. ஆனாலும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. லால்குடிக்காரர் மட்டும் தயங்கித் தயங்கி, "தலைவர் என்ன சொல்றாருன்னு கேட்டுக்கலாங்க" என்றார். எல்லாத் தலைகளும் அப்பா பக்கம் திரும்பின.

அப்பா எழுந்திருக்கவில்லை. மேஜை மேலிருந்த தாளைப் பார்த்தபடி, "ஆட்சேபணை இருக்கா?" என்று கேட்டார். மறுபடியும் அதையே கேட்டார், இன்னும் மெதுவாக. பிறகு, "சரி, அப்ப தீர்மானம் ஏகமனதா நிறைவேறிச்சு" என்றார். அத்தை என் கையைப் பிடித்திருந்தாள். காய்ப்பேறிய அந்த உள்ளங்கையை விலக்கிக்கொண்டாள். அவள் எழுந்து, "அப்ப நான் வரேங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வெளியே நடந்தாள். அவள் பின்னால் போகவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. போனேன். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். எங்களுக்குப் பின்னால் ஒவ்வொரு ஊர்க்காரராகப் பெரிய மணியை அடிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

அப்பாவுக்குச் சங்கம் உடைந்துவிடுமோ என்று பயம். அதை அவரே கஷ்டப்பட்டுச் சேர்த்திருந்தார். ஒரு தீர்மானம்தானே, தங்கை தன் கோயிலில் அடிப்பதை யார் தடுக்கப்போகிறார்கள் என்றும் நினைத்திருப்பார். ஆனால் அந்தக் கல்யாண வீட்டார் அந்தத் தீர்மானத்தையே பிடித்துக்கொண்டார்கள். வயதான சாமியார் மாற்றலாகிப் போனதும், சங்கமே பெண்கள் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது என்று புதியவரிடம் போய் நின்றார்கள். புதியவர் வேறு ஆளை நியமித்தார். வேலை போனதோடு கோயிலை ஒட்டிய வீடும் போனது. எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லி அம்மா எவ்வளவோ கெஞ்சினாள். அத்தை வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் திருவெறும்பூர்ப் பக்கம் பெரிய தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருந்தது. அதன் கேண்டீனில் சமையல் வேலைக்குச் சேர்ந்து, காட்டூரில் ஒரு ஒண்டுக்குடித்தன வீட்டில் தங்கிக்கொண்டாள். சங்கமும் நிலைக்கவில்லை. கூட்டத்துக்கு ஆள் குறைந்து குறைந்து தானாக நின்றுபோனது. அப்பாவும் மணியடிப்பதை விட்டார். தோள் வலி என்று சாமியாரிடம் சொன்னார். பட்டறையில் அதே தோளை வைத்துச் சம்மட்டி அடித்துக்கொண்டுதான் இருந்தார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் அப்பா காட்டூருக்குக் கிளம்பிவிடுவார். கிளம்பும்போது சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அம்மாவிடம், "இன்னைக்கு மன்னிப்புக் கேட்டுடறேன்" என்பார். இருட்டுவதற்குள் திரும்பி வருவார். "கேட்டீங்களா?" என்று அம்மா கேட்பாள். "சுரைக்காய்க் கூட்டு வெச்சிருந்தா. சாப்பிட்டேன்" என்பார். இன்னொரு வாரம், "அவ வீட்டுக் கூரை ஒழுகுது, ஓடு மாத்திக் குடுத்தேன்" என்பார். சில தடவை நானும் கூடப் போயிருக்கிறேன். "வாங்கண்ணே" என்று அத்தை முகம் மலர வரவேற்பாள். கேண்டீன் கதைகளைச் சொல்லிச் சிரிக்க வைப்பாள். அப்பா நடுவில் ஏதோ சொல்ல வாயெடுப்பார். அத்தை சட்டென்று எழுந்து, "டீ ஆறிடுச்சு பாருங்க, சுட வெச்சுக் கொண்டாரேன்" என்று உள்ளே போய்விடுவாள். அவள் கோபம் இன்னும் தீரவில்லை என்றுதான் நான் நினைத்தேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். எனக்குக் கல்யாணமாகி, குழந்தைகள் பிறந்து, அப்பா ஓய்வு பெற்று, சைக்கிளை விட்டு பஸ்ஸுக்கு மாறிய பிறகும் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்ந்தன. கடைசிவரை அவர் கேட்கவில்லை.

அப்பாவை அடக்கம் செய்த மறுநாள் அத்தை எங்கள் வீட்டிலேயே தங்கினாள். அம்மா உள்ளே படுத்திருந்தாள். பின்வாசல் படியில் உட்கார்ந்து நானும் அத்தையும் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். "அப்பா ஒங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னுதான் அத்தை வாராவாரம் வந்தாரு. ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன" என்றாள் அத்தை. கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அன்னைக்கு அவர் எழுந்து நின்னிருந்தாக்கூடப் போதும்டி. பேசக்கூட வேண்டாம். நிக்கலியேன்னு ஒரு வருஷம் அழுதேன். அப்புறம் அதுவும் போயிடுச்சு."

"அப்ப அவரைக் கேக்க விட்டிருக்கலாமே, அத்தை. நீங்களாவது, விடுங்கண்ணேன்னு சொல்லியிருக்கலாமே."

அத்தை மடியில் இருந்த காம்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள்.

"சொல்லியிருக்கலாம். பலதடவை வாய்வரைக்கும் வந்துச்சு. சொல்லிட்டா அவர் மனசு ஆறிடும். ஆறிட்டா, அடுத்த வாரம் வராம போயிடுவாரோன்னு பயமா இருந்துச்சுடி எனக்கு."